கடல் பக்கத்து இருக்கை

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவில் மோரோ பே என்ற ஊரின் விடுதி அறையிலிருந்து எழுதுகிறேன். நானும் மனைவியும் மூன்று வருடமாக ஒரு பாய்மரப் படகில் வாழ்கிறோம். 36 அடி நீளம். அதுதான் வீடு, வேறு முகவரி கிடையாது. சியாட்டிலில் கிளம்பி இந்தக் கரையை ஒட்டியே இறங்கி, வென்ச்சுரா படகுத்துறையில் கட்டியிருந்தோம். ஏழு மாதம் முன்பு மாமனாருக்கு உடம்பு முடியாமல் போனதால் படகை அப்படியே விட்டுவிட்டு சியாட்டில் போனோம், அவர் காலமாகிவிட்டார், இப்போது காரில் கடற்கரைச் சாலை வழியாகவே திரும்புகிறோம்.

என் கவலை படகைப் பற்றித்தான். சுக்கான் தண்டில் முன்பே லேசாகக் கசிவு இருந்தது. என் படகின் பேட்டரிகள் தாங்கியிருக்குமா, அடியில் தண்ணீர் சேர்ந்திருக்குமா என்று தூக்கம் வரவில்லை. தனியாகவே உலகைச் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோக்கத்தின் மன உறுதி எனக்கு வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. மனைவி வழி முழுக்கச் சரியாகப் பேசவில்லை. நேற்று பிக் சர் மலைச்சாலையில் வந்தோம். உலகமே வந்து பார்க்கிற இடம். அவள் ஒரு படம்கூட எடுக்கவில்லை. படகு வாழ்க்கை அலுத்துவிட்டதோ என்று தோன்றுகிறது. விற்றுவிடுவதுதான் சரியா?

கே.

*

அன்புள்ள கே.,

கடிதங்களுக்கு நான் உடனே பதில் எழுதுவதில்லை. இதற்கு இன்றே எழுதுகிறேன். நீங்கள் மோரோ பேயை விட்டுக் கிளம்புவதற்குள் இது வந்து சேர வேண்டும். போன வாரம் பழைய குறிப்பேடு ஒன்று கையில் கிடைத்தது. அன்றிலிருந்து மனதால் நானும் அந்தக் கரையிலேயேதான் இருக்கிறேன்.

படகைப் பற்றிய கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். பூஞ்சை பிடித்திருக்கும், அடியில் சிப்பி ஒட்டியிருக்கும், பேட்டரி இறங்கியிருக்கும். துடையுங்கள், சுரண்டுங்கள், மாற்றுங்கள். சுக்கான் தண்டுக்கு அதைப் பார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். விற்பதா வேண்டாமா என்பதையெல்லாம் விடுதி அறையில் உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது.

பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு நண்பரும் அவர் மனைவியும் தங்கள் படகில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். மான்டரேயிலிருந்து மோரோ பே வரை. சுமார் நூறு கடல் மைல். இடையில் நம்பி ஒதுங்க நல்ல துறைமுகம் இல்லை. ஐந்து நாட் வேகம் என்றால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆகவே ஓர் இரவு கடலில்தான் கழிய வேண்டும். நடுநிசிக்குப் பிறகு நண்பர் உள்ளே தூங்கப் போனார். அவர் மனைவி சுக்கானைப் பிடித்திருந்தார். என் வேலை பாயின்ட் சுர் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. 1889லிருந்து எரிகிற விளக்கு. 15 விநாடிக்கு ஒருமுறை மின்னும். ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். பதினைந்தில் வெளிச்சம் வந்தால் மூச்சு விடலாம். கையுறைக்குள் விரல் மரத்துப்போய், எண்களை உதட்டால் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது மேலே, இருட்டின் நடுவில், ஒரு சின்ன வெளிச்சம் நகர்ந்தது. மறைந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி வந்தது. மலைச்சாலையில் போகிற கார் என்று எனக்குப் புரியவே நேரமாயிற்று. எவ்வளவு அழகாக இருக்கிறது என்றேன். அந்த அம்மா திரும்பாமலே சொன்னார்: “அது கொஞ்சம் பெருசாத் தெரிய ஆரம்பிச்சாலும் என்னை உலுக்குங்க.”

அன்று என் தலையில் ஏறியது இன்றுவரை இறங்கவில்லை. கடலோடி கடலுக்குப் பயப்படுவதில்லை, கரைக்குத்தான் பயப்படுகிறான். ஆழ்கடலில் புயலை உடைந்த பாயோடும் தாண்டிவிடலாம், சுற்றிலும் இடம் இருக்கிறது. பாறையும் அலையும் சந்திக்கிற அந்த ஒரு கோட்டில்தான் படகுகள் சாகின்றன. நாம் காரை ஓரம் கட்டி, இறங்கி, படம் எடுக்கிற அதே கோடு. அலை எவ்வளவு உயரமாக வெடிக்கிறதோ அவ்வளவு நல்ல படம். பக்கத்தில் நிற்கிறவர் ஓர் இரவு முழுக்க அந்த வெடிப்புச் சத்தம் காதில் விழுந்துவிடக்கூடாது என்று சுக்கானைப் பிடித்திருந்தவராக இருந்தால் அவர் எதைப் படம் எடுப்பார்?

இதை ஒருமுறை நண்பர்களிடம் சொன்னபோது மிகை என்றார்கள். மிகை இல்லை. 1923 செப்டம்பர் 8 இரவு, அமெரிக்கக் கடற்படையின் 14 நாசகாரிக் கப்பல்கள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் டியேகோவுக்கு 20 நாட் வேகத்தில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மூடுபனி. வேகத்தையும் நேரத்தையும் வைத்து இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டார்கள். கரையில் பாயின்ட் அர்குவெயோ வானொலி நிலையம் திசையை அளந்து, நீங்கள் இன்னும் வடக்கேதான் இருக்கிறீர்கள் என்றது. அந்த முறை அப்போது புதிது. தலைமைக் கப்பலில் அதை நம்பவில்லை, தங்கள் கணக்கை நம்பினார்கள். கரை கிழக்கே மடங்குகிற முனையைத் தாண்டியாயிற்று, சாண்டா பார்பரா கால்வாய் வந்துவிட்டது என்று கிழக்கே திருப்பினார்கள். ஐந்து நிமிடத்தில் ஹோண்டா முனைப் பாறைகள். முன்னால் போனது மோதியதும் பின்னால் வந்தவை ஒவ்வொன்றாக ஏறின. ஏழு கப்பல்கள் அங்கேயே போயின. 23 பேர் இறந்தார்கள். அடித்தது புயல் அல்ல. கணக்குத் தெரிந்தவர்கள், தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதில் சந்தேகமே இல்லாதவர்கள், தாங்களாகவே கரைக்குத் திரும்பினார்கள்.

அந்த இடம் உங்கள் வழியில்தான் இருக்கிறது. ஆனால் நாளை நீங்கள் அதைப் பார்க்க மாட்டீர்கள். பிஸ்மோவைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு உள்ளே போய்விடும். ஹோண்டாவும் பாயின்ட் கன்செப்ஷனும், அதாவது வடக்கிலிருந்து இறங்கி வருகிற கரை திடீரென்று கிழக்கே மடங்குகிற முனை, மலைகளுக்கும் ராணுவத் தளத்துக்கும் அப்பால் இருக்கின்றன. ரயில் போகிறது, கார் போகாது. படகில் வருகிறவர்கள் காற்று அடங்கும் விடியற்காலைக்குக் காத்திருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுகிற முனை சாலைக்காரர்களுக்கு இல்லவே இல்லை. நீங்கள் இருவரும் அதைச் சுற்றி வந்திருக்கிறீர்கள். அன்று விடியலில் சுக்கானில் யார் இருந்தது என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

கே., உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. சுக்கான் தண்டுக்கு ஒரு முழு வாக்கியம் கொடுத்திருக்கிறீர்கள். மாமனார் இறந்ததற்கு இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் இடம். வாழ்கிறபோது ‘வீடு’, கவலைப்படுகிறபோது ‘என் படகு’. ஏழு மாதம் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவை அனுப்பிவிட்டு வருகிற பெண்ணின் மௌனத்தை ‘அலுப்பு’ என்று எழுத எப்படிக் கை வந்தது?

ஸ்லோக்கத்தை வேறு துணைக்கு இழுத்திருக்கிறீர்கள். அவர் 1871ல் சிட்னியில் வர்ஜீனியாவை மணந்தார். அடுத்த 13 வருடம் அவர் தலைமையேற்ற கப்பல்களே அந்தப் பெண்ணுக்கு வீடு, பிள்ளைப்பேறு உட்பட. 1884ல் புவனோஸ் அய்ரஸில், கப்பலிலேயே இறந்தார். ஸ்லோக்கம் தனியாகக் கிளம்பியது அதற்குப் பதினோரு வருடம் கழித்து, 1895ல். அதை மன உறுதி என்று மட்டும் வாசித்திருக்கிறீர்கள்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். தெற்கே வருகிறவர்களுக்குக் கடல் வலப்பக்கம். வண்டியை நீங்களே ஓட்டியிருந்தால், இத்தனை நாள் நீங்கள் பார்த்தது சாலை. ஆயிரம் மைலுக்கு மேல் கடல் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் அவர். ஆரிகன் ஆற்று முகத்துவாரங்கள், பாயின்ட் அரீனா, பாயின்ட் சுர் என்று இரவில் விளக்காக மட்டும் தெரிந்த ஒவ்வொன்றையும் இப்போது பகலில், மேலேயிருந்து, தலைகீழ் வரிசையில் அல்ல, வந்த அதே வரிசையில் மறுபடி கடந்திருக்கிறார். முதல் தடவை கடந்தபோது அவருடைய அப்பா உயிரோடு இருந்தார். எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கினாலும் முதலில் அவருக்குத்தான் போன் செய்திருப்பார். அது என் ஊகம். சரியா தவறா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நாளை கவியோட்டா கணவாயில் இறங்கும்போது மலை விலகி, கடல் திடீரென்று எதிரே வரும். வலப்பக்கம், மேற்கே, அந்த முனை இருக்கிற திசை. அங்கே நிறுத்துங்கள். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கடல் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். வென்ச்சுரா வரை ஏறக்குறைய கடலோரமாகவே சாலை போகிறது, எதிரே தீவுகள் தெரியும். பேட்டரியைப் பற்றிப் பேசாதீர்கள். அந்த விடியலில் சுக்கான் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள்.

படகுக்குள் முதலில் அவர் இறங்கட்டும்.