எட்டுப் பிள்ளைகள் உள்ள மார்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபை) குடும்பம் அன்றாடத்தை எப்படிச் சமாளிக்கிறது, எல்லோரும் சேர்ந்து வெளியே போவார்களா?

தாராளமாகப் போவார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. அன்று இரண்டு மணி நேரம் ஆராதனை, கடைக்குப் போவதைக்கூடத் தவிர்ப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி இருந்து, மிச்சமான சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது திங்கள் மாலை. 1915இலிருந்தே சபை வலியுறுத்தும் குடும்ப மாலை இது, 1970இல் திங்கள் என்று நிலையானது. இன்று யார் ஜெபம், யார் பாட்டு, யார் பலகாரம் என்று பல வீடுகளில் அட்டையில் எழுதி மாட்டியிருப்பார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாத வாண்டுக்கும் அதில் ஒரு வேலை உண்டு. பெரிய குடும்பம் ஓடுவதே இப்படித்தான், மூத்தது இளையதைப் பார்த்துக்கொள்ளும்.

வெளியூர் என்றால் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சனிக்கிழமைதான் தோது. பதினைந்து பேர் வேன், ஐஸ் பெட்டி நிறைய சாண்ட்விச், அப்புறம் பேர் லேக் ஏரியோ பக்கத்து மலைப் பள்ளத்தாக்கோ. காபி, டீ, மது கிடையாது. மார்மன் முன்னோடிகள் 1847இல் யூட்டாவுக்குக் குடியேற வந்து சேர்ந்த ஜூலை 24 அன்று ஊர்வலம், பட்டாசு எல்லாம் உண்டு.

அப்புறம், மார்மன் என்றதும் பலர் நினைக்கும் பலதார மணத்தை இந்தச் சபை 1890இலேயே கைவிடுவதாக அறிவித்துவிட்டது. நீங்கள் கேட்கும் வீட்டில் ஒரே அம்மா, ஒரே அப்பாதான்.