பிசியோதெரபி மாணவருக்கு மருத்துவமனை போஸ்டிங்கில் என்ன அனுபவம் கிடைக்கும்?

பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) இரண்டாம் வருடம் படிப்பதாகவும், அடுத்த மாதம் முதல் போஸ்டிங் என்றும், அங்கே என்ன கற்றுக்கொள்ள முடியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் நான்கு வருடப் படிப்பு முடித்து, ஆறு மாத இன்டர்ன்ஷிப்பையும் போன மாதம் முடித்தேன். தர்மபுரியில் நான்கு மாதம், கிருஷ்ணகிரியில் இரண்டு மாதம். என்னைக் கேட்டால், நோயாளியின் வீட்டைப் பற்றி விசாரிக்கக் கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்வேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் பிசியோதெரபி என்று சொல்வதில்லை. "கரண்ட் வைக்கிற ரூம் எது?" என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். ஐஎஃப்டி என்ற, லேசான மின்சாரம் கொடுத்து வலியைக் குறைக்கும் கருவியின் பேட் ஒட்டி 15 நிமிடம் வைத்தால் வலி கொஞ்சம் மட்டுப்படும், எழுந்து கிளம்பிவிடுவார்கள். எக்ஸர்சைஸ் என்று ஆரம்பித்தால் "அத வீட்ல பண்ணிக்கிறேன்" என்பார்கள். முதல் இரண்டு வாரம் பேட் ஒட்டுவதும், மூட்டு எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் கோனியோமீட்டர் வைத்து டிகிரி பார்த்து லாக் புக்கில் எழுதுவதுமாகவே போனது.

அப்புறம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வயது அறுபதுக்கு மேல். மாட்டுக் கொட்டகையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டுப் பிரித்திருந்தார்கள். கட்டுப் பிரித்த கையைப் பார்த்திருப்பீர்கள்: தோல் வறண்டு, விரல்கள் வீங்கி, மணிக்கட்டு மரக்கட்டை மாதிரி இருக்கும். மேல்நோக்கி 20 டிகிரிதான் வளைந்தது. பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னேன். இரண்டு தடவை அழுத்திவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். மூன்று நாளும் அப்படியே.

நாலாவது நாள் அவரே கேட்டார்: "கண்ணு, நான் எப்ப களி கிண்டுறது?"

வீட்டில் ஆறு பேர், ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி. மருமகள் சூளை வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வருவாளாம். களி கிண்டுவதை யோசித்துப் பாருங்கள். துடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டு சுழல வேண்டும், மாவு இறுக இறுகத் தோளிலிருந்து பலம் கொடுக்க வேண்டும். நான் புத்தகத்தைப் பார்த்துத் தனித்தனியாகக் கொடுத்துக்கொண்டிருந்த பயிற்சி எல்லாமே அந்த ஒரு வேலையில் இருந்தது. எங்களை மேற்பார்வை பார்த்த சாரிடம் கேட்டுக்கொண்டு ஒரு வாளியில் பாதி மணல் போட்டு, கம்பு ஒன்றில் துண்டைச் சுற்றிக் கையில் கொடுத்தேன். முதலில் காய்ந்த மணல். ஒரு வாரம் கழித்து ஈர மணல், துண்டின் சுற்றும் குறைந்தது. பந்தை மடியில் வைத்துக்கொண்டவர் வாளியை விட்டு எழவே மாட்டார். ஐந்தாவது வாரம் அளந்தபோது 50 டிகிரி. ஆறு பேருக்கு இன்னும் முடியவில்லை, மூன்று பேருக்குக் கிண்டுகிறேன் என்றார்.

ஒரு தவறும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்ட ஒருவரைக் கட்டிலில் உட்கார வைக்கும்போது, அவசரத்தில் விழுந்துபோன கையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். மறுநாள் அந்தத் தோளைத் தொடவே விடவில்லை. சார் என் விரலைப் பிடித்து அவர் தோள் எலும்புக்குக் கீழே வைத்தார். ஒரு விரல் உள்ளே போகும் அளவுக்குப் பள்ளம். தசை தளர்ந்திருக்கும்போது மூட்டைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை, கையின் கனமே அதைக் கீழே இழுக்கும். என் இழுப்பும் சேர்ந்தால்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் மகனை உட்கார வைத்து, கையை இழுக்காமல் முதுகுப்புறம் தாங்கி எப்படி எழுப்புவது, கைக்குக் கீழே தலையணை எப்படி வைப்பது என்று மூன்று நாள் சொல்லிக் கொடுத்தேன். வார்டில் இதைக் கவனியுங்கள், சொந்தக்காரர்கள் பாசத்தில் அந்தக் கையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள்.

முட்டி வலி, முதுகு இறுக்கம் என்று வரும் வயதானவர்களிடம் "எந்தத் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்கச் சொல்வார் சார். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் முப்பது நாற்பது வருடம் போர் தண்ணீர் குடித்த உடம்பில் எலும்பு தடித்து, தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து மூட்டு இறுகியிருக்கலாம். அந்த முதுகை வேகமாக வளைக்கப் பார்க்கக் கூடாது.

கிருஷ்ணகிரியில் பாதிப் பேர் தெலுங்கும் கன்னடமும்தான் பேசினார்கள். "செய்யி எத்தண்டி", "கை எத்தி" இரண்டையும் முதல் நாளே மனப்பாடம் செய்தேன். வீடு தேடிப் போய் சிகிச்சை கொடுக்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் அந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வேலை பார்க்கும் பிசியோ அக்கா ஒருவருடன் ஒரு நாள் சூளகிரி பக்கம் வீடுகளுக்குப் போனேன். பக்கவாதம் வந்த ஒரு பெரியவர், ஆஸ்பத்திரியில் நாற்காலியிலிருந்து நன்றாக எழுந்தவராம். வீட்டில் எழ முடியவில்லை. காரணம் அவருடைய கயிற்றுக்கட்டில். உட்கார்ந்தால் நடுவில் தொய்ந்து, இடுப்பு முட்டிக்குக் கீழே போய்விடுகிறது. அக்கா கட்டிலின் நாலு காலுக்கும் இரண்டிரண்டு செங்கல் வைக்கச் சொல்லி, மேலே ஒரு பலகை போடச் சொன்னார். பாதத்தைப் பின்னால் இழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியச் சொன்னோம். மூன்றாவது முயற்சியில் எழுந்து நின்றார்.

இரண்டு வாரம் கழித்து அக்கா மறுபடி போனபோது ஒவ்வொரு காலுக்கும் ஒரு செங்கல்தான் இருந்ததாம். இன்னொன்றை எடுக்கச் சொன்னது அவரேதான்.