எச்ஓஏவும் (அமெரிக்கக் குடியிருப்புகளின் வீட்டு உரிமையாளர் சங்கம்) புது வீட்டு பிளானும்: கேள்வி பதில்

கேள்வி: சிட்டி பெர்மிட் வந்துவிட்டது, பிளானுக்கு ஒப்புதல் தரும் எச்ஓஏ கமிட்டி இன்னும் வாயே திறக்கவில்லை. அஸ்திவாரத்தை ஆரம்பித்துவிடலாம் என்கிறார் பில்டர்.

பதில்: வேண்டாம். சிட்டி பார்ப்பது கட்டட விதியும் ஜோனிங்கும் (எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற விதி). எச்ஓஏ பார்ப்பது டிக்ளரேஷனை, அது காலனியின் விதிகளைச் சொல்லி, நீங்கள் மனை வாங்கிய அன்றே உங்களைக் கட்டிப்போட்ட ஆவணம். ஒன்று கிடைத்துவிட்டதால் இன்னொன்று தேவையில்லை என்று ஆகாது. சங்கம் வழக்கு போட்டால் கட்டியதை இடிக்கச் சொல்லிக்கூட உத்தரவு வரலாம், அந்தச் செலவு உங்கள் தலையில்தான். எழுத்தில் ஒப்புதல் கைக்கு வரும்வரை மண்ணைத் தொடாதீர்கள்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். "சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகவில்லை" என்று ஒரே வரியில் பிளானைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டெக்சாஸில் 2021-இல் வந்த சட்டப்படி (பிராப்பர்ட்டி கோட் 209.00505) நிராகரிப்பு எழுத்தில் வர வேண்டும், காரணம் போதிய விவரத்தோடு இருக்க வேண்டும், எதை மாற்றினால் ஒப்புதல் கிடைக்கும் என்பதும் அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி போதாது. கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் நீங்கள் போர்டு (சங்கத்தின் நிர்வாகக் குழு) முன் விசாரணை கேட்கலாம், கேட்டால் அவர்கள் 30 நாளுக்குள் அதை நடத்த வேண்டும். அப்புறம், கமிட்டியில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்: போர்டு உறுப்பினரோ, அவருடைய கணவன் மனைவியோ, அவர் வீட்டில் வசிப்பவரோ அங்கே உட்காரக்கூடாது. ஆனால் சிறிய சங்கங்களுக்கும், டெவலப்பர் கையிலேயே இன்னும் இருக்கும் புது காலனிகளுக்கும் இந்தப் பிரிவு பொருந்தாது, அதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மற்ற மாநிலத்துக்காரர்களும் கேட்பீர்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் (சிவில் கோட் 4765) முடிவு நல்லெண்ணத்தோடு, நியாயமாக இருக்க வேண்டும், மறுத்தால் காரணத்தையும் போர்டிடம் மறுபரிசீலனை கேட்கும் வழியையும் எழுதித் தர வேண்டும். ஃப்ளோரிடாவில் 2024 திருத்தத்துக்குப் பிறகு எந்த விதி, பிளானில் எந்த அம்சம் அதற்குப் பொருந்தவில்லை என்று குறிப்பிட்டே மறுக்க முடியும்.

கேள்வி: வாஸ்துப்படி வாசல் கிழக்கே வேண்டும், மனை வடக்கு பார்த்தது. கமிட்டி ஒப்புமா?

பதில்: தெருவிலிருந்து முகப்பு எப்படித் தெரிகிறது என்பதுதான் அவர்கள் கவலை, திசை அல்ல. முன்பக்கம் போர்ச் வைத்து அதைக் கிழக்கே திருப்பி, வாசலை அங்கே வைத்து எலிவேஷன் (முகப்புத் தோற்ற வரைபடம்) வரையச் சொல்லுங்கள். முகப்பு வெறும் சுவராகத் தெரிந்தால் சிக்கல்தான். மனையை இன்னும் வாங்கவில்லை என்றால் சங்கத்தின் டிசைன் கைட்லைனை (வீட்டின் தோற்றம் பற்றிய விதிகள்) படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 30 நாள் ஆகியும் பதில் இல்லை. தானாகவே ஒப்புதல் ஆகிவிட்டதா?

பதில்: உங்கள் டிக்ளரேஷனில் என்ன இருக்கிறது? சிலவற்றில் மௌனம் ஒப்புதல், சிலவற்றில் மௌனம் மறுப்பு. பெரும்பாலும் "முழுமையான விண்ணப்பம்" சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்கு, ஒரு வரைபடம் குறைந்தாலும் நாளே ஓடத் தொடங்காது. எல்லாம் கிடைத்தது என்று அவர்களிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நான் ஒரு கமிட்டியில் இருக்கிறேன். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. நடுவில் ஒருவர் தட்டைக் கூரையோடு பெட்டி மாதிரி கட்டினால் மற்றவர்கள் வீட்டு விலை என்ன ஆகும்? (இதற்கு உடனே இன்னொருவர்: "என் மனை, என் பணம், உங்களுக்கென்ன?" பிறகு இருவரும் மாறி மாறிப் பத்துப் பதினைந்து வரி.)

பதில்: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். "என் மனை" என்பவரே, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினீர்கள். கொலராடோ உச்ச நீதிமன்றம் 1969-இல் ரூ எதிர் ஷயென் ஹோம்ஸ் வழக்கில், நவீன ராஞ்ச் (தாழ்வான, ஒரே தளம் கொண்ட) வீடுகள் நடுவே 30 வருடப் பழைய ஸ்பானிஷ் பாணி வீட்டை நகர்த்திக் கொண்டுவந்து வைக்க முயன்றவருக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது. ஒப்புதல் விதியில் விவரமான அளவுகோல் இல்லாவிட்டாலும் அது செல்லும் என்றது. கமிட்டிக்காரரே, அதே தீர்ப்பு உங்களையும் கட்டுகிறது: மறுப்பு நியாயமாகவும் நல்லெண்ணத்தோடும் இருக்க வேண்டும், இஷ்டத்துக்கு மறுக்கக்கூடாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1983-இல் கோஹன் எதிர் கைட் ஹில் வழக்கில், வேலிக்கு ஒப்புதல் கொடுத்ததற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டார், சங்கத்துக்கு அவர் மேலும் கடமை உண்டு என்றது நீதிமன்றம். ஆமாம் என்று சொல்வதற்கும் காரணத்தைக் குறித்துவையுங்கள். தட்டைக் கூரை வேண்டாம் என்றால் கைட்லைனில் எழுதுங்கள். எழுதாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு மறுத்தால் நான் வீடு கட்டுபவர் பக்கம்தான் நிற்பேன்.

கேள்வி: பெர்மிட் இருக்கிறது, பில்டரும் தயார். தொடங்கலாமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: எச்ஓஏ கட்டணத்தை வரியில் கழிக்கலாமா?

பதில்: உங்கள் சிபிஏவிடம் (கணக்காளர்) கேளுங்கள்.

கேள்வி: இரண்டு வீடு தள்ளி இதே கருப்புக் கூரை இருக்கிறது, எனக்கு மட்டும் மறுக்கிறார்கள்.

பதில்: அந்த வீட்டைப் படம் எடுங்கள். ஒப்புதல் வாங்கிக் கட்டினார்களா, எந்த ஆண்டு, அப்போது கைட்லைன் என்ன சொன்னது என்று சங்கத்தின் பதிவுகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விதி அதற்குப் பிறகு மாறியிருந்தால் உங்கள் வாதம் நிற்காது. மாறவில்லை என்றால் விலாசம், தேதியோடு போர்டு முன் வையுங்கள், அதோடு ஷிங்கிள் (கூரை ஓடு) சாம்பிளையும் கொண்டுபோங்கள்.