திராட்சை சிரப் ஏன் நுரைக்கிறது?

ஒரு லிட்டர் சாற்றுக்கு அரை கிலோ சர்க்கரை போட்டுக் காய்ச்சிய திராட்சை சிரப், பத்தே நாளில் நுரைத்துப் புளித்த வாடை அடிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்த பாட்டில்களின் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கும், கண்ணாடி வெடிக்கக்கூடும். மறுபடி காய்ச்சிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுவதே நல்லது.

காரணம் சர்க்கரை போதாததுதான். சிரப்பின் எடையில் ஏறக்குறைய 65 சதவீதம் சர்க்கரை இருந்தால்தான், அதைப் புளிக்கவைத்து நுரைக்கச் செய்யும் ஈஸ்ட் வளரத் தண்ணீர் கிடைக்காது. உங்கள் அளவில், போட்ட சர்க்கரை மொத்த எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. அடுத்த முறை, வடிகட்டிய சாறு ஒரு கிலோவுக்குச் சர்க்கரை இரண்டு கிலோ போடுங்கள். தித்திப்பு தூக்கலாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் கலந்துதானே குடிக்கப் போகிறீர்கள்? கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் சர்க்கரை படிகமாகப் பூத்துப்போவது குறையும்.

பாட்டிலைக் கொதிநீரில் 10 நிமிடம் போட்டெடுத்து, ஈரமில்லாமல் உலர்த்தி, சிரப்பைச் சூடாகவே ஊற்றி மூடுங்கள். அப்புறம் ஒன்று, மூடியின் அடியில் வியர்க்கும் நீர் சொட்டி, மேல்பரப்பு மட்டும் நீர்த்துப்போகும். பூஞ்சை பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கிறது. ஆறியதும் ஒருமுறை கவிழ்த்துக் குலுக்கிவிடுங்கள். சர்க்கரை குறைவாகத்தான் வேண்டும் என்றால், ஃபிரீசரில் வைப்பது எளிய வழி.