செகண்ட் ஹேண்ட் காருக்கு ரீகால் கிடையாதா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2019 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறார். குடும்பத்தோடு பெங்களூரு போகும்போது, கிருஷ்ணகிரி தாண்டி ஹைவேயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிட்டது, பின்னால் லாரி. எப்படியோ ஓரங்கட்டி, டோ பண்ணி, அதே கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் விட்டிருக்கிறார். ஃப்யூல் பம்ப் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்து 19,000 ரூபாய்க்கு மேல் பில் போட்டுவிட்டார்கள். ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த மாடலில் அதே பம்பை இலவசமாக மாற்றித் தருவதாகக் கம்பெனி பல மாதங்களுக்கு முன்பே ரீகால் அறிவித்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நீங்க செகண்ட் ஓனர், வாரண்டியும் முடிஞ்சிடுச்சு, லெட்டர் எல்லாம் முதல் ஓனருக்குத்தான் போகும்" என்கிறார்களாம். சட்டத்தில் இடம் இருக்கிறதா, இல்லை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

விடாதீர்கள். இடம் இருக்கிறது, அதுவும் உங்கள் விஷயத்தில் நன்றாகவே இருக்கிறது.

முதலில் வாரண்டியையும் ரீகாலையும் பிரித்துப் பாருங்கள். வாரண்டி என்பது இத்தனை வருடம், இத்தனை கிலோமீட்டர் என்று கம்பெனி கொடுக்கும் வாக்குறுதி, அது முடிந்துவிடும். ரீகால் என்பது தயாரிப்பிலேயே ஒரு குறை இருக்கிறது, அதனால் உயிருக்கோ சாலையில் போகிறவர்களுக்கோ ஆபத்து வரலாம் என்று ஒப்புக்கொண்டு வண்டியைத் திரும்ப அழைப்பது. அது வண்டியின் சேசிஸ் நம்பரோடு ஒட்டியது, ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறது என்பதோடு அல்ல. வண்டி கை மாறினால் பழுதான பம்பும் சேர்ந்துதானே கை மாறுகிறது?

2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு வகை வாகனத்தில் உள்ள குறையால் ஓட்டுபவருக்கோ, உள்ளே இருப்பவருக்கோ, மற்றவர்களுக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு வரலாம் என்றால், அந்த வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். அப்படி வந்தால் கம்பெனி முழு விலையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வேறு வண்டி தர வேண்டும், அல்லது பழுதை நீக்கித் தர வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும். கம்பெனி தானே குறையைக் கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவித்து ரீகாலைத் தொடங்கியாக வேண்டும், ஆனால் அபராதம் கிடையாது. செய்திகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். ஃப்யூல் பம்புக்காகவே மாருதி 2020இல் 1,34,885 வேகன்-ஆர், பலேனோ கார்களையும், ஹோண்டா 2024இல் 90,468 கார்களையும் அழைத்தன. ஆக இது எங்கோ ஒரு வண்டிக்கு வந்த அபூர்வ நோய் இல்லை.

இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன, ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். உங்களுடையது 2019 மாடல் என்பதால் நாளை யாராவது "ஏழு வருஷம் ஆயிடுச்சு" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். அரசு கட்டாய ரீகால் உத்தரவு போடுவதற்கான வரம்பு அது. உங்கள் விஷயத்தில் கம்பெனியே அறிவித்துவிட்டது, உங்கள் கோரிக்கை அந்த அறிவிப்பின் மேல் நிற்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தை உறுதி செய்யாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். ஒரு மாடலை ரீகால் செய்தார்கள் என்றால் அந்த மாடலின் எல்லா வண்டியும் அதில் வராது, குறிப்பிட்ட தேதிகளுக்குள் தயாரானவை மட்டும்தான் வரும். கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் உங்கள் வண்டியின் 17 எழுத்தும் எண்ணும் கலந்த சேசிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்கள், வருவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "வேலை முடிந்துவிட்டது" என்று காட்டினால் அது இன்னும் முக்கியம். உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு செய்த வேலை, கம்பெனி கணக்கில் இலவச ரீகால் வேலையாகப் பதிவாகியிருக்கிறதா என்ற கேள்வி வரும். அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை, ஆனால் எழுத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, கேளுங்கள்.

சரி, பணம் எப்படித் திரும்ப வரும்? 110ஏ நேரடியாக இதற்கு உதவாது, ஏற்கெனவே சொந்தக் காசில் ரிப்பேர் செய்தவருக்கு என்ன என்று அந்தப் பிரிவு பேசவில்லை. உங்கள் வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அவர்கள் "செகண்ட் ஓனர்" என்று சொல்லும் வாதம் இங்கே வலுவிழந்துவிடுகிறது. காரை நீங்கள் கம்பெனியிடம் வாங்கவில்லை, உண்மைதான், ஆனால் பம்பையும் லேபரையும் அந்த சர்வீஸ் சென்டரில் காசு கொடுத்து வாங்கியது நீங்கள்தானே, பில் உங்கள் பெயரில்தானே இருக்கிறது? அந்தச் சேவையைப் பொறுத்தவரை நீங்கள் முதல் ஓனர், கடைசி ஓனர் எல்லாம். சேசிஸ் நம்பரைப் போட்டுத்தான் ஜாப் கார்டே (வண்டியில் செய்யும் வேலையைக் குறிக்கும் சீட்டு) திறக்கிறார்கள். நிலுவையில் ரீகால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது அவர்கள் கடமை. இலவசமாகச் செய்ய வேண்டியதற்குப் பில் போட்டது சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் என்றும் வாதாடலாம். கம்பெனி, சர்வீஸ் சென்டர் இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள், ஒருவரை ஒருவர் கை காட்டித் தப்பிக்க விடக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில் தவறான பிரிவைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். 2019 சட்டத்தில் "பொருள் பொறுப்பு" என்று ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது, தயாரிப்புக் குறையால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் இழப்பீடு தர வேண்டும். ஆனால் அங்கே "தீங்கு" என்பதில் அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் சேராது. அன்றைக்கு அந்த லாரி இடித்து யாருக்காவது அடிபட்டிருந்தால் அந்த அத்தியாயம் உங்கள் பக்கம் நின்றிருக்கும், நல்லவேளை அப்படி நடக்கவில்லை. பம்ப் செலவுக்குச் சாதாரண நுகர்வோர் புகாரே சரியான வழி.

நிபுணர் அறிக்கை இல்லாமல் எப்படி என்றும் தயங்க வேண்டாம். விபத்தில் ஏர்பேக் விரியவில்லை என்று ஒருவர் தொடுத்த வழக்கு, ஹுண்டாய் எதிர் சைலேந்திர பட்நாகர், 2022இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுக் காட்ட நுகர்வோர் இயற்பியல் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் பம்பில் குறை இருந்தது என்பதற்குக் கம்பெனியின் சொந்த அறிவிப்பே இருக்கிறது, அதைவிட என்ன வேண்டும்?

இப்போது செய்ய வேண்டியது, பில், ஜாப் கார்டு, டோயிங் ரசீது, ரீகால் அறிவிப்பின் நகல் எல்லாவற்றையும் சேர்த்து, கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் ஒரு கடிதம். ஸ்பீடு போஸ்ட்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், 15 நாள் கெடு வையுங்கள். போனில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும். கழற்றிய பழைய பம்ப் உங்களிடம் இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள், அவர்களிடம் இருந்தால் அப்புறப்படுத்தக் கூடாது என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள், இந்த அளவு தொகையில் பல கம்பெனிகள் அங்கேயே இறங்கி வந்துவிடுகின்றன.

வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரிப்பேர் நடந்தது கிருஷ்ணகிரிப் பக்கம் என்பதற்காக அங்கே அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் நீங்களே தாக்கல் செய்யலாம். சட்டப் புத்தகத்தில் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று இருக்கிறது, நடைமுறையில் அதற்கு மேல் இழுக்கும் என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். பில் தொகை, டோயிங் செலவு, வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் கேளுங்கள். குடும்பத்தோடு ஹைவே நடுவில் நின்றதை ஒரு பத்தியில் விவரமாக எழுதுங்கள், அது சின்ன விஷயம் இல்லை.

காலக்கெடு இரண்டு வருடம். பில் தேதியிலிருந்து எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு, கம்பெனி பதில் போடும் வரை காத்திருந்து அதைக் கோட்டைவிட்டுவிடாதீர்கள். அப்புறம், அதே இணையதளத்தில் உங்கள் வண்டிக்கு ஏர்பேக், பிரேக் என்று வேறு ஏதாவது ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள், உங்கள் போன் நம்பரையும் முகவரியையும் கம்பெனி பதிவில் மாற்றச் சொல்லி அந்தக் கடிதத்திலேயே ஒரு வரி சேருங்கள்.