சிஸ்டர் வருகிறார், ஃபாதர் வரவில்லை

வணக்கம். என் அம்மா நெடுநாளாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார். எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கில் பணியாற்றும் துறவியான சிஸ்டர்தான் வாராவாரம் வந்து நற்கருணை, அதாவது திருப்பலியின் திரு அப்பம், கொடுக்கிறார், அம்மாவோடு வெகுநேரம் பேசிக்கொண்டும் இருக்கிறார். பெரியப்பாவுக்கு இதில் மனக்குறை. "ஃபாதருக்கு நேரமில்லை, சிஸ்டரை அனுப்பிவிடுகிறார்" என்கிறார். ஃபாதர்கள், அதாவது குருக்கள், குறைந்துபோனதால் வந்த ஏற்பாடா இது? பங்கில் சிஸ்டரின் இடம் உண்மையில் என்ன?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியப்பா நினைப்பது போன்ற ஏற்பாடு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. குருக்கள் போதாத இடத்தில், பங்கின் மேய்ப்புப்பணியில் குரு அல்லாத ஒருவரையும் மறைமாவட்டத் தலைவரான ஆயர் ஈடுபடுத்தலாம் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 517-ஆம் விதி. அப்போதும் பொறுப்பை நெறிப்படுத்த ஒரு குருவை நியமித்தாக வேண்டும். உங்கள் பங்கில்தான் ஃபாதர் இருக்கிறாரே, அதனால் இந்த விதிக்கு அங்கே வேலையில்லை. நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் அனுமதி வேறு. குரு அல்லாதவர்களுக்கும் அதைப் பரவலாகத் திறந்துவிட்டவர் திருத்தந்தை ஆறாம் பவுல், 1973-இல். யார் கையிலிருந்து வாங்கினாலும் நற்கருணை ஒன்றுதான் என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

குருக்கள் பற்றாக்குறையால்தான் சிஸ்டர்கள் வீடு தேடி வருகிறார்கள் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. பெண் துறவியர் எல்லோரும் மடத்து மதிலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று 1298-இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் ஆணையிட்டார். ஆயர்களின் பொதுச்சங்கமான திரெந்து சங்கம் 1563-இல் அதை மறுபடியும் உறுதிசெய்தது. வீட்டுக்கு வீடு போய் நோயாளிகளைப் பார்க்க விரும்பிய பெண்களுக்கு இது பெரிய முட்டுக்கட்டை. பிரான்சில் 1633-இல் வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தே மரியாக்கும் பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கியபோது, இந்தச் சட்டம் பிடித்துக்கொள்ளாதபடி அதைத் துறவற சபை என்றே அழைக்காமல் விட்டார்கள். பங்குக் கோவில்தான் உங்கள் சிற்றாலயம், நகரத்துத் தெருக்கள்தான் உங்கள் மடத்து மதில் என்று அந்தப் பெண்களிடம் வின்சென்ட் சொன்னார். கெட்டிக்காரத்தனம்தான், வேறென்ன சொல்ல! இப்படி வெளியே வந்து வேலை செய்த சபைகளை முழுமையான துறவற சபைகளாக ரோம் ஏற்றுக்கொண்டது 1900-இல். ஆக, உங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு சிஸ்டர் வந்து நிற்பதற்குப் பின்னால் பல தலைமுறைப் பெண்களின் பிடிவாதம் இருக்கிறது. ஃபாதருக்கு நேரமிருந்தாலும் சிஸ்டர் வந்திருப்பார்.

அம்மாவோடு அவர் வெகுநேரம் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அந்தப் பணியின் உயிரே அதுதான். பாவமன்னிப்பு வழங்கும் அதிகாரமோ சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரமோ அவரிடம் இல்லை. எதுவும் வாங்கித் தர முடியாத ஒருவரிடம் சிலர் கூடுதலாகவே மனம் திறப்பார்கள். துக்க வீட்டிலும், திருமணம் முறிந்த பிறகு கோவிலுக்கு வரக் கூச்சப்படுபவர்களிடமும் சிஸ்டரால் எளிதாகப் போய் உட்கார முடிவது இதனால்தான்.

இதில் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு, ஆனால் அது வேறு இடத்தில். வேலையைத் தருகிறார்கள், முடிவெடுக்கும் இடத்தைத் தருவதில்லை. மறைமாவட்டம் ஒரு பணியைச் சபையிடம் ஒப்படைக்கும்போது ஆயரும் சபைத் தலைமையும் எழுத்தில் உடன்படிக்கை செய்ய வேண்டும் என்று அதே திருச்சபைச் சட்டத்தின் 681-ஆம் விதி சொல்கிறது. என்ன வேலை, எத்தனை பேர், பணம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அப்படி எழுதி வைக்காத இடத்தில் மறைக்கல்வி, பாடகர் குழு, பீட அலங்காரம் என்று எல்லாமே சிஸ்டர் தலையில் விழும். அவருக்குக் கிடைக்கும் ஊதியமும் சபைக்குப் போவதுதான், சொந்தமாகப் பொருள் சேர்ப்பதில்லை என்ற ஏழ்மை வார்த்தைப்பாடு அப்படி. உங்கள் பங்குப் பேரவையில் அவருக்கு இடம் இருக்கிறதா? இல்லையென்றால், ஏன் என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பேரவை ஆலோசனை மட்டுமே சொல்ல முடியும், இருந்தாலும் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று. பாவமன்னிப்பு பெறும் ஒப்புரவுக்கும், நோயாளிக்கு எண்ணெய் பூசி வேண்டும் நோயில்பூசுதலுக்கும் குருதான் வர வேண்டும். நோயில்பூசுதலுக்குக் கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டியதில்லை, உடல்நிலை ஆபத்தாகத் தொடங்கும்போதே பெறலாம். அடுத்த வாரம் சிஸ்டர் வரும்போது சொல்லுங்கள், ஃபாதரை அழைத்துவரும் நாளை அவரே பேசி முடிவுசெய்வார். அன்றைக்குப் பெரியப்பாவையும் வரச் சொல்லுங்கள்.