முதல் அழைப்பை நீங்களே செய்யுங்கள்

கேள்வி: என் தங்கையை அவள் கணவர் நான்கு வருஷமாக அடிக்கிறார். குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுத்தான் என்னிடம் பேசுகிறாள். போன வாரம் கழுத்தை நெரித்திருக்கிறார். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று அழுகிறாள். அவள் இருப்பது வேறு ஊர். அங்கே யாரிடம் உதவி கேட்பது? நானே போய்க் கையோடு அழைத்து வந்துவிடட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத அக்கா

பதில்: அன்புச் சகோதரி, ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன கழுத்து விஷயத்தைத்தான் முதலில் பேச வேண்டும். அதை மற்ற அடிகளோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். ஒருமுறை கழுத்தை நெரித்த துணைவரால் அந்தப் பெண் பின்னாளில் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. வெளியே தடமே இல்லாமல் உள்ளே ரத்தக் குழாய் கிழிந்திருக்கலாம். சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். குரல் கம்மியிருக்கிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா, கண்ணில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று கேளுங்கள். எதுவும் இல்லை என்றாலும் மருத்துவரிடம் போகட்டும். அங்கே "கழுத்து வலி" என்று சொன்னால் போதாது, "கழுத்தை நெரித்தார்" என்றே சொல்ல வேண்டும். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தப் பதிவு பேசும். கணவர் கூடவே வந்தால், தனியாகப் பரிசோதிக்கும்படி செவிலியரிடம் கேட்கலாம். அந்த மருத்துவமனையில் சமூகப் பணியாளர் இருந்தால், அந்த ஊரில் யார் உதவுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்து, உங்கள் கேள்வி. வீட்டில் அடிபடும் பெண்கள் வந்து தங்குவதற்கென்றே காப்பகங்கள் உண்டு. அவற்றில் பல, முகவரியை வெளியிடுவதில்லை. தேடி வந்து வாசலில் நிற்கும் கணவர்களுக்குப் பயந்துதான். அதனால் இணையத்தில் தேடி ஒன்றும் அகப்படவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் உதவி எண் வழியாகத்தான் உள்ளே போக முடியும். அந்த எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். குடும்ப வன்முறைக்கு எதிராக இயங்கும் 'நோ மோர்' (NO MORE) அமைப்பின் இணையப் பட்டியலில் நாடு வாரியாகக் கிடைக்கும்.

அடிபட்டவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை, அக்காவும் அழைக்கலாம். தங்கையின் பெயரைச் சொல்லாமலே பேசலாம், அவளுக்குக் கொடுத்த வாக்கும் உடையாது. ஆனால் உங்கள் போனிலிருந்தே பேசுங்கள். அவள் போனை அவர் பார்க்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்று ராத்திரியே இடம் கிடைக்குமா, பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்களா, அவள் பேசும் மொழி தெரிந்தவர் உண்டா, இலவசச் சட்ட உதவிக்கு யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வளர்ந்த பையன்களைச் சில காப்பகங்கள் சேர்ப்பதில்லை. அங்கே போய் நின்ற பிறகு இது தெரியவந்தால் அவள் திரும்பிப் போய்விடுவாள். எடுத்தவர் "கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லுங்கள்" என்றால் வைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

அப்புறம், கையோடு அழைத்து வருவது. உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் பிரிந்து போகும் நேரமும் அதை ஒட்டிய நாட்களும்தான் மிக ஆபத்தானவை. முன்னேற்பாடு இல்லாமல் போய் நிற்காதீர்கள், அவரிடம் நியாயம் கேட்கவும் வேண்டாம். உதவி எண்ணில் இருப்பவர்கள் கிளம்பும் நாள், வழி, தங்குமிடம் எல்லாவற்றையும் அவளோடு உட்கார்ந்து திட்டமிடுவார்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்கள் உங்களிடம் இருக்கட்டும். எப்போது கிளம்புவது என்பதை அவளே சொல்லட்டும். அந்த வீட்டில் எல்லாவற்றையும் அவளுக்காக வேறொருவர் முடிவு செய்தது போதும்.

ஒன்றில் மட்டும் அவளுக்காகக் காத்திருக்காதீர்கள். பேசும்போதே அலறல் கேட்டால் உடனே காவல்துறையைக் கூப்பிடுங்கள். வேறு ஊரிலிருந்து அவசர எண்ணை அழுத்தினால் அது உங்கள் ஊர்க் கட்டுப்பாட்டு அறைக்கே போகக்கூடும். ஆகவே அவள் வீட்டுக்கு அருகிலுள்ள காவல் நிலையத்தின் நேரடி எண்ணையும் அவளுடைய முழு முகவரியையும் இன்றே எழுதி, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

அடுத்த முறை அவள் அழைக்கும்போது, "இப்போ பேசலாமா?" என்று முதலில் கேளுங்கள். ஆமாம், இல்லை என்று அவள் பதில் சொன்னால் போதும் என்கிற மாதிரியே மற்றதையும் கேளுங்கள். "உன்மேல் எந்தத் தப்பும் இல்லை" என்று சொல்லுங்கள், அவள் நம்பும்வரை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். உதவி எண்ணை அவள் தன் போனில் பதிய வேண்டாம், தாளில் எழுதவும் வேண்டாம். நீங்கள் மெதுவாகச் சொல்லச் சொல்ல, அவள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.